முந்தல் ஏற்றமும் எஃகுக் குழாயும்

மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கிலும் தெற்கிலும் வருசநாட்டு மலைகளும் மேகமலையும் அணைகட்ட, கூடலூருக்கு அருகே குறுகித் தொடங்கும் கம்பம் பள்ளத்தாக்கு, வடகிழக்காக விரிந்துகொண்டே சென்று தேனியைத் தாண்டி வைகைச் சமவெளியில் கலந்துவிடுகிறது. இதன் தரைப்பகுதியில் முல்லைப் பெரியாற்று நீரால் விளையும் நெல்லும் வாழையும் பன்னீர் திராட்சையும் இருபுறமும் சூழச் சாலை ஏறக்குறைய மட்டமாகவே ஓடுகிறது; ஆனால் பள்ளத்தாக்கைவிட்டு மேற்கே கேரளத்துக்குள் நுழைய வேண்டுமானால் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைவாயில்களில் ஏதேனும் ஒன்றை ஏறித்தான் ஆக வேண்டும். மட்டச் சாலையும் செங்குத்தான மலைச்சாலையும் ஒரே நாளில் மாறி மாறி வரும் இந்த அமைப்பே, உடைகளும் கூடாரமும் கருவிகளும் சுமந்து பல நாள் ஓட வேண்டிய நெடும்பயண மிதிவண்டி ஒன்றை எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு இந்நிலப்பகுதி தரும் அளவுகோலாகும்.

தனக்கென அளவெடுத்துக் கட்டப்படும் வண்டியைப் பற்றிப் பேசத் தொடங்குவோர், பெரும்பாலும் சட்டகத்துக்கு, அதாவது கடைக்காரர்கள் பிரேம் என்று சொல்லும் எலும்புக்கூட்டுக்கு, எந்த நிறுவனத்தின் குழாய் என்ற கேள்வியையே முதலில் எழுப்புகிறார்கள். பல்சக்கரம், சக்கரம், பிரேக் ஆகியவை அதன் பின்னால் வரும் சில்லறை விஷயங்களாகக் கருதப்படுகின்றன. தேனியிலிருந்து போடிமெட்டுக்கும் பின்னர் குமுளிக்கும் செல்லும் சாலைகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன. இங்கே ஏற்றம் பல்சக்கரத்தையும், இறக்கம் பிரேக்கையும், சாலையோரக் கடை சக்கரத்தையும் தீர்மானித்த பிறகே குழாயின் முறை வருகிறது.

எனினும் பயணத்தின் தொடக்கத்திலேயே குழாயின் வரலாறு குறுக்கிடுவதைத் தவிர்க்க முடியாது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-இல் போடப்பட்ட மீட்டர் பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-இன் இறுதியில் மூடப்பட்டு, தேனி வரை 2022-இலும் போடி வரை 2023 ஜூனிலும் மீண்டும் திறக்கப்பட்டது. அப்போது முதல் சென்னை சென்ட்ரலிலிருந்து வாரத்தில் மூன்று நாள் போடிக்கு நேரடி ரயில் இயங்குகிறது. காட்பாடி வழியாகச் செல்லும் இந்த ரயில், புறப்பட்ட சற்று நேரத்திலேயே அம்பத்தூரையும் ஆவடியையும் கடக்கிறது. தமிழ்நாட்டு மிதிவண்டியின் பிறப்பிடம் அந்த இரண்டு ஊர்களே ஆகும். முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவை உருவாக்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளையும் பின்னர் பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளையும் தயாரித்தது, அவ்வண்டிகளுக்கு வேண்டிய குழாய்களுக்காக 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கப்பட்டது, மில்லர் என்ற பெயரில் விளக்கும் டைனமோவும், டயமண்ட் என்ற பெயரில் சங்கிலியும் அதே குழுமத்திலிருந்து வந்தன.

இதில் கவனிக்கத்தக்க உறவு ஒன்று உண்டு. நெடும்பயண வண்டிகளின் உலகில் இன்றும் மரியாதையோடு உச்சரிக்கப்படும் ரெனால்ட்ஸ் 531 என்ற குழாயைத் தயாரித்த பர்மிங்காம் நிறுவனமும் 1928 முதல் அதே பிரிட்டிஷ் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததே ஆகும். 1841-இல் ஆணி தயாரிக்கும் தொழிலாகத் தொடங்கிய ரெனால்ட்ஸ், நடுவில் மெல்லியதாகவும் இரு முனைகளில் தடித்ததாகவும் குழாயை இழுக்கும் முறைக்கு 1897-இல் காப்புரிமை பெற்று, மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த 531 எஃகை 1935-இல் வெளியிட்டது. ஆக, ஒரே தாய் நிறுவனத்தின் ஒரு கிளை பிரான்சுச் சுற்றுப்பந்தய வீரர்களுக்குக் குழாய் செய்துகொண்டிருந்த காலத்தில், மற்றொரு கிளை பால்காரருக்கும் தபால்காரருக்கும் குழாய் செய்தது. ஆவடியின் மிதிவண்டிக் குழாய், எஃகுப் பட்டையை உருளைகளுக்கிடையே வளைத்து அதன் விளிம்புகளை மின்சாரத்தால் ஒட்டவைத்து, முழு நீளத்துக்கும் ஒரே தடிப்பில் செய்யப்பட்டதாகும். அதைத் தாழ்வாகப் பேசுவது எளிது. ஆனால் இருபுறமும் பால்கேனோ வாழைத்தாரோ தொங்க, பள்ளம் மேடு பாராமல் இருபது ஆண்டுகள் ஓடி, ஒடிந்தால் எந்த வெல்டிங் கடையிலும் ஒட்டிக்கொள்ள வேண்டிய வண்டிக்கு வேறு குழாயைத் தேர்ந்திருந்தால் அதுவே தவறாக இருந்திருக்கும். நெடும்பயண வண்டி பால்காரரின் அந்தக் கறுப்பு வண்டிக்குத் தூரத்து உறவல்ல, பெரும்பாலும் அதன் சுமையையே மலைமேல் ஏற்ற முற்படும் பங்காளி.

தேனியிலிருந்து போடி வரையிலான 15 கிலோமீட்டரில் எந்த வண்டியும் எந்தக் குறையையும் காட்டுவதில்லை. போடியைக் கடந்து கொட்டகுடி ஆற்றுப் பக்கமாக மேற்கே திரும்பி, முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை மலையில் ஏறத் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தை அது கடக்கிறது. அதாவது சராசரிச் சரிவு நூற்றுக்கு ஐந்து. இதே மலைமுகத்தில்தான், மூணாறுத் தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு இறக்குவதற்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பிவடப் பாதை அமைத்தார்கள். மேலே குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்துபோனது. சரக்கை ஏற்றுவதைவிட இறக்குவதற்கே தோட்டக்காரர்கள் எஃகை நம்பினார்கள் என்பது மிதிவண்டிக்காரருக்கும் பொருந்தாத செய்தியன்று.

ஓட்டுபவர், வண்டி, மூட்டை எல்லாம் சேர்த்து 110 கிலோ என்று கொள்வோம். நீண்ட நேரம் தொடர்ந்து மிதிக்கும் சராசரி உடல்வலு 100 வாட் அளவில் இருக்கும் எனில், நூற்றுக்கு ஐந்து ஏற்றத்தில் அந்த வலு மணிக்கு 6 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தையே தரும். கியர் இல்லாத கறுப்பு வண்டியில் முன்னால் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் இருந்தால், ஒரு முழு மிதிக்கு வண்டி ஏறத்தாழ 5.5 மீட்டர் நகர்கிறது. ஆகவே அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 17 அல்லது 18 முறைதான் சுற்றும், அது மிதிப்பதாகாமல் ஒவ்வொரு முறையும் பெடலின்மீது ஏறி நிற்பதாகவே முடியும். மாறாக, முன்னால் 24 பற்களும் பின்னால் 34 பற்களும் கொண்ட சேர்க்கையில், 26 அங்குலச் சக்கரத்துடன் ஒரு மிதிக்கு 1.4 மீட்டரே நகர்வதால், அதே வேகத்தில் கால்கள் நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டிச் சுற்றுகின்றன; மூட்டுவலி இல்லாமல் மூன்று நான்கு மணிநேரம் ஏறுவதற்கு வேண்டியது இதுவே. பந்தய வண்டிகளுக்கென விற்கப்படும், பெடல்களைத் தாங்கும் கிராங்குகளில் சிறிய பல்சக்கரமே 34 பற்களாக இருப்பதால், பளபளப்பு குறைந்ததும் விலை மலிந்ததுமான மலைவண்டிக் கிராங்கே முந்தலுக்கு ஏற்றது. மூன்று பல்சக்கரங்கள் கொண்ட கிராங்கைப் பழமை என்று ஒதுக்குவோர் மூட்டையோடு ஒருமுறை போடிமெட்டு ஏறிப் பார்ப்பது நல்லது.

பின்சக்கரத்தில் பற்களைத் தாங்கும் அமைப்பு இரண்டு வகைப்படும். பல அடுக்கு ஃப்ரீவீலைத் திருகி மாட்டும் பழைய வகையில் அச்சின் வலப்பக்கப் பேரிங் உள்ளே தள்ளி அமைவதால், சுமையின்கீழ் அச்சு வளைந்து ஒடிவது வழக்கம். கேசட் எனப்படும் புதிய வகையில் பேரிங் வெளிமுனைக்கு நகர்த்தப்பட்டிருப்பதால் அந்தக் குறை தீர்கிறது. இவ்விடத்தில் சிக்கனம் பார்ப்பது சிக்கனமன்று. ஆனால் ஆறு, ஏழு, எட்டு அடுக்குக் கேசட்டுகளுக்கு ஒரே அகலச் சங்கிலி பொருந்துவதால் எட்டு அடுக்கோடு நின்றுகொள்வதும், கியர் மாற்றும் நெம்புகோலைப் படிப்படியாகச் சொடுக்கும் வகையாக இல்லாமல் உராய்வால் எந்த நிலையிலும் நிற்கும் பழைய வகையாக வைத்துக்கொள்வதும், பழுதானபோது கையில் கிடைத்ததை மாட்டி ஓட்ட உதவும்.

ஏறியது இறங்கியாக வேண்டும். அதே 110 கிலோ 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 10.8 லட்சம் ஜூல். வளைவுகளின் காரணமாக மெதுவாக இறங்கினால் காற்றுத்தடை சிறு பங்கையே உறிஞ்சும், மீதியெல்லாம் பிரேக் கட்டைகளிலும் ரிம்மிலும் வெப்பமாக மாறும். மூன்று லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. கறுப்பு வண்டிகளின் கம்பிப் பிரேக், குரோமியம் பூசிய இரும்பு ரிம்மின் உட்புறத்தைக் கவ்வுவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் போடிமெட்டின் பனிமூட்டத்துக்கிடையே நனைந்த அந்த ரிம்மில் கட்டை வழுக்கும். அலுமினிய ரிம்மின் பக்கங்களை நீண்ட கைகளால் கவ்வும் வி வகைப் பிரேக் இதைவிடப் பன்மடங்கு நம்பகமானது, அதன் கட்டையும் வயரும் கம்பத்திலும் போடியிலும் கிடைக்கும். வட்டுப் பிரேக் ஈரத்தில் இன்னும் சிறப்பாகப் பிடிக்கும் என்பது உண்மையே; ஆனால் அதன் தட்டு வளைந்தாலோ கட்டை தேய்ந்தாலோ மதுரைக்குப் போக வேண்டிவரும் என்பதும், வட்டின் இழுவிசை முழுவதையும் முன் போர்க்கின் ஒரு கால் தாங்க வேண்டியிருப்பதால் அக்காலைத் தடித்த குழாயால் செய்ய நேர்ந்து போர்க்கின் மென்மையான வளைவு கெடுகிறது என்பதும் தராசின் மறுதட்டில் உள்ளன. தராசு வி பிரேக்கின் பக்கமே சாய்கிறது.

போடியிலிருந்து தேவாரம் வழியாகவோ, தேனிக்குத் திரும்பி வீரபாண்டி வழியாகவோ பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலையை அடைந்து தெற்கே திரும்பினால், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என ஊர்கள் நெருக்கமாக வருகின்றன. மலை இல்லாத இச்சாலையில் மலைக்கு ஈடாக நிற்பது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர்ப் பக்கத்திலிருந்து பள்ளத்தாக்கின் நீளவாட்டில் வீசுகிறது. தேனி, ஆண்டிபட்டிப் பகுதிகளில் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் இதுவே. ஆடி மாதத்தில் தேனியிலிருந்து கம்பத்துக்குச் செல்பவர் சமதரையிலும் ஏற்றத்துக்குரிய பல்சக்கரத்தைத் தேட நேரிடும். கைகளைத் தாழ்த்திப் பிடிக்க இடந்தரும் வளைந்த ஹேண்டில்பாரின் பயன் வேகத்தைவிட இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

இந்த ஊர்களின் சைக்கிள் கடைகளே சக்கரத்தின் அளவைத் தீர்மானிக்கும் நீதிமன்றங்கள். தமிழ்நாடு அரசு 2001–02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கி 2005–06-இல் பதினோராம் வகுப்பின் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர் அனைவருக்கும் விரிவாக்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டத்தின் விளைவாக, பஞ்சர் ஒட்டவும் போக்ஸ் கம்பி மாற்றவும் ஆள் இல்லாத ஊர் இப்பள்ளத்தாக்கில் அரிது. ஆனால் எல்லா டயரும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கறுப்பு வண்டியின் 28 அங்குல டயர் 635 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிம்மில் அமர்வது. பள்ளி வண்டிகளில் காணப்படும் 26 அங்குல மெல்லிய டயருக்குரிய ரிம் 590 மில்லிமீட்டர். இளைஞர்களின் கியர் சைக்கிளில் வரும் 26 அங்குலத் தடித்த டயருக்கு 559. வெளிநாட்டு நெடும்பயண வண்டிகளுக்கு வழக்கமான 700சி டயருக்கு 622. இரண்டு 26 அங்குலங்களுக்கிடையே 31 மில்லிமீட்டர் வேறுபாடு இருப்பதால் ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. ரிம்மின் அளவை எழுதி வைத்துக்கொள்ளாமல் வெறும் 26 என்று கேட்பவர் இரண்டில் எது கிடைக்கும் என்பதைக் கடைக்காரரின் ஊகத்துக்கு விடுகிறார். சிறு ஊர்களிலும் கிடைப்பது, அகலமாக அமைவது, சிறிய விட்டத்தால் வலுக்கூடியது என்ற மூன்று காரணங்களால் 559 அளவே இங்கு ஏற்றது. சக்கரத்துக்கு 36 போக்ஸ் கம்பிகள், பின்சக்கரத்தில் குறைவதற்கு இடமில்லை. சில கிராம் குறைப்பதற்காக 32 கம்பிகளில் நிற்கும் வண்டி, சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் பிரியும் தோட்டச்சாலையில் அந்தச் சில கிராமுக்குரிய விலையைக் கேட்கும்.

கூடலூரைக் கடந்து லோயர் கேம்ப் வந்ததும் பள்ளத்தாக்கு முடிந்து மலை மறிக்கிறது. ஜான் பென்னிகுவிக்கின் மேற்பார்வையில் கட்டப்பட்டு 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டு, இங்குள்ள மின்நிலையத்துக்கு ராட்சத எஃகுக் குழாய்களில் சரிந்து இறங்குகிறது. குமுளிச் சாலையில் ஏறுபவர் கண்ணில் படும் இக்குழாய்கள் மிதிவண்டிக் குழாயின் இலக்கணத்தை விளக்க நல்ல துணை. மலைமுகட்டில் நீரழுத்தம் குறைவு, அடிவாரத்தில் அதிகம். ஆகவே இத்தகைய குழாய்களைக் கட்டும் பொறியாளர் சுவரின் தடிப்பை மேலே குறைத்தும் கீழே கூட்டியும் அமைப்பது மரபு. விசை எங்கு மிகுதியோ அங்கு மட்டும் எஃகு என்ற இதே கணக்கைத்தான் ரெனால்ட்ஸின் 1897 காப்புரிமை மிதிவண்டிக்குக் கொண்டுவந்தது. வளைக்கும் விசையும் பற்றவைக்கும் வெப்பமும் குழாய்களின் முனைகளிலேயே குவிவதால், முனைகளில் 0.9 மில்லிமீட்டரும் நடுவில் 0.6 மில்லிமீட்டருமாகச் சுவர் அமைகிறது. 28.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் 1.2 மில்லிமீட்டர் தடிப்பில் மீட்டருக்கு ஏறத்தாழ 810 கிராம் இருக்கும், 0.6 மில்லிமீட்டர் தடிப்பில் 410 கிராம்.

இங்கே பரவலான ஒரு நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. விலையுயர்ந்த எஃகுக் குழாய் அதிக விறைப்பானது என்று கருதப்படுகிறது, அது உண்மையன்று. ஒரு பொருள் விசைக்கு எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதைக் குறிக்கும் யங் குணகம், ஆவடியின் சாதாரண எஃகுக்கும் ரெனால்ட்ஸின் மிக உயர்ந்த கலவைக்கும் ஏறக்குறைய ஒன்றே, 200 கிகாபாஸ்கல் அளவு. குரோமியமும் மாலிப்டினமும் சேர்ப்பதால் கூடுவது வலிமை, அதாவது நிரந்தரமாக வளையாமலும் விரிசல் விடாமலும் தாங்கும் எல்லை. அவ்வலிமை குழாய்ச்சுவரை மெல்லியதாக்க அனுமதிக்கிறது, மெல்லியதாக்கினால் விறைப்பு குறையவே செய்யும். விறைப்பைக் கூட்டும் வழி விட்டத்தைக் கூட்டுவதே: மெல்லிய சுவர்க் குழாயின் வளைவெதிர்ப்பு, தடிப்புக்கு நேர் விகிதத்திலும் விட்டத்தின் மும்மடிக்கு விகிதத்திலும் வளர்கிறது. கீழ்க்குழாயை, அதாவது ஹேண்டில்பார்த் தலையிலிருந்து பெடல் அச்சுக்குச் சாய்ந்து இறங்கும் குழாயை, 28.6-இலிருந்து 31.8 மில்லிமீட்டராக்கினால் எடை நூற்றுக்கு 11 பங்கே கூட, விறைப்பு 37 பங்கு கூடுகிறது. பெயருக்குக் கொடுக்கும் பணத்தைவிட இந்த மூன்று மில்லிமீட்டர் பயன் மிக்கது.

சுமைவண்டியில் விறைப்பு ஆடம்பரமன்று. பின் கேரியரில் 20 கிலோ ஏற்றிய வண்டி குமுளிச் சாலையில் வேகமாக இறங்கும்போது, மேல் குழாய் முறுக்கத்துக்கு இளகிக்கொடுத்தால், முன்சக்கரமும் மூட்டையும் ஒன்றையொன்று ஆட்டத் தொடங்கி ஹேண்டில்பார் கைக்கு அடங்காமல் துடிக்கும். பழைய ஐரோப்பிய மெல்லிய சட்டகங்களின் 25.4 மில்லிமீட்டர் மேல் குழாய் மூட்டையில்லாமல் ஓட இனிமையானது, சுமைக்கு 28.6 வேண்டும். உள்ளூர் வழக்கில் டபுள் பார் எனப்படும், மேல் குழாய் இரண்டு கொண்ட சுமைவண்டி இதே நோயை எடையைப் பற்றிக் கவலைப்படாமல் தீர்த்த மருந்தாகும்.

ஆகவே தேர்வு 4130 எனக் குறிக்கப்படும் எஃகில் வந்து நிற்கிறது: நூற்றுக்கு 0.3 அளவு கார்பனும், ஏறத்தாழ 1 பங்கு குரோமியமும், 0.2 அளவு மாலிப்டினமும் கொண்ட இக்கலவையையே ரெனால்ட்ஸ் 525 என்ற பெயரில் விற்கிறது. அதற்கு மேற்பட்ட 853 போன்ற, பற்றவைத்த இடம் காற்றில் ஆறும்போதே கடினப்படும் கலவைகள் வியப்புக்குரியவையே. ஆனால் அவற்றின் பயன் நடுச்சுவரை 0.5 மில்லிமீட்டருக்கும் கீழே கொண்டுபோவதில் இருக்கிறது, அவ்வளவு மெல்லிய குழாயில் ரயிலிலோ பேருந்தின் கூரையிலோ ஒரு மூட்டை உரசினாலும் பள்ளம் விழும். இந்தப் பள்ளத்தாக்குக்கு அது வேண்டாத செலவு.

இணைக்கும் முறையையும் சாலையே சொல்கிறது. லக் எனப்படும் வார்ப்புக் கவசத்துக்குள் குழாயைச் செருகி, ஏறத்தாழ 900 டிகிரியில் பித்தளையை உருக்கிப் பாயவிடும் முறையில் செய்த சட்டகத்தில், சேதமடைந்த குழாயை மட்டும் சூடாக்கிக் கழற்றி மாற்றலாம். டிராக்டர் ஏரையும் பம்புசெட்டையும் பழுதுபார்க்கும் கம்பம், போடிப் பட்டறைகளில் காஸ் வெல்டிங்கும் பித்தளைக் கம்பியும் இருக்கும். ஆர்க் வெல்டிங் மெல்லிய சுவரை ஓட்டை போட்டுவிடும் என்பதால் அதை மறுத்துக் காஸையே கேட்டுப் பெற வேண்டும். கேரியரை அலுமினியத்தில் வாங்காமல் 8 அல்லது 10 மில்லிமீட்டர் இரும்புக் கம்பியில் செய்துகொண்டால் அதே பட்டறை அதையும் ஒட்டித்தரும். பக்கப்பைகள் குதிகாலில் இடிக்காமலிருக்கப் பெடல் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே 450 மில்லிமீட்டர் அளவு நீளம் வைப்பதும், கேரியரும் மட்கார்டும் மாட்டுவதற்கான மரைக்கண்களைச் சட்டகம் கட்டும்போதே வைப்பதும் பிறகு சேர்க்க முடியாத விஷயங்கள். தனிவடிவ வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் உண்மையில் இவற்றுக்குத்தான்.

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரையிலான சாலை போடிமெட்டைவிடக் குறுகியது, ஆனால் சரிவு கூடியது. அங்கு 24-க்கு 34 என்ற சேர்க்கையும் தாராளமாகத் தோன்றாது. மேலே ஏலக்காட்டின் ஈரக்காற்று தொடங்குகிறது, அத்துடன் எஃகின் ஒரே உண்மையான பகையான துருவும். வெளிப்புறத்தை வண்ணம் காக்கும். உட்புறத்தை, இருக்கைக் குழாயின் வாயிலாக வடியும் மழைநீர் பெடல் அச்சுக் கூட்டில் தங்கி அரிப்பதால், அக்கூட்டின் அடியில் சிறு துளையிட்டு, சட்டகத்தைப் பூட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு குழாயினுள்ளும் ஆளிவிதை எண்ணெயை ஊற்றிச் சுழற்றி உலர விட வேண்டும்.